ஆறு எந்தத் துறையில் சேரும்?

பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி சுற்றுச்சூழல் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னால், முதலில் வரும் கேள்வி வேலை கிடைக்குமா என்பது. அடுத்ததைச் சித்தப்பாவோ மாமாவோ கேட்பார்: "அது சயின்ஸா, ஆர்ட்ஸா?" முதல் கேள்விக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் சித்தப்பாவின் காபி ஆறிவிடும். வேதியியல் உண்டு, சட்டமும் உண்டு; மண்ணைப் பற்றிய பாடம் உண்டு, வரலாறும் உண்டு; பொருளாதாரம் உண்டு; ஓரத்தில் மெய்யியலும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில இதே படிப்புக்கு பி.ஏ.வும் கொடுக்கின்றன, பி.எஸ்சி.யும் கொடுக்கின்றன. பட்டம் கொடுப்பவர்களுக்கே தெளிவில்லையே என்று சித்தப்பா நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் அறியாமல் கேட்டுவிட்டது ஒரு பழைய தத்துவக் கேள்வி. உலகம் எப்படி இருக்கிறது என்று அறிவது ஒரு வேலை. அதில் எப்படி நடந்துகொள்வது என்று முடிவு செய்வது வேறொரு வேலை. முதல் வேலையை அறிவியலுக்கும் இரண்டாவதை மதத்துக்கும் அறநூல்களுக்கும் பாகம் பிரித்துக் கொடுத்து வெகுகாலம் ஆயிற்று. நவீனப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களே அந்தப் பாகப்பிரிவினையின்படிதான் நிற்கின்றன. பிரித்ததை மறுபடி ஒரே கூரையின் கீழ் கொண்டுவரப் பார்க்கிற படிப்பு இது. கொண்டுவர முடியுமா என்பது மதத்துக்கும் அறிவியலுக்கும் ஒருசேர விடப்பட்ட சவால்.

1966 டிசம்பர் 26 அன்று வாஷிங்டனில் அமெரிக்க அறிவியலாளர்களின் பெரிய மாநாடு ஒன்று நடந்தது. அங்கே பேச வந்த லின் ஒயிட் அறிவியலாளர் அல்லர். இடைக்கால ஐரோப்பாவின் ஏர், அங்கவடி போன்ற கருவிகளின் வரலாற்றை எழுதியவர். சூழல் சீர்கேட்டுக்குக் காரணம் தேடிய அவர் புகைபோக்கியில் தொடங்காமல் ஏரில் தொடங்கினார். வட ஐரோப்பாவின் ஈரக் களிமண்ணைப் பழைய இலேசான ஏரால் உழ முடியவில்லை. மண்ணை ஆழமாகக் கிழித்துப் புரட்டும் கனமான ஏர் வந்தது. அதை இழுக்க எட்டு எருதுகள் வேண்டும். எட்டு எருது எந்தக் குடியானவனிடமும் இல்லை. ஆகவே ஊர்க்காரர்கள் எருதுகளைச் சேர்த்துப் பூட்டினார்கள். ஒருவன் எத்தனை எருது கொடுத்தானோ அந்தக் கணக்கில் நிலம் பிரிந்தது. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்பது போய், ஒரு கருவியால் எவ்வளவு முடியும் என்பது அளவுகோலாயிற்று. மனிதன் மண்ணின் அங்கமாக இருந்த நிலை மாறி, மண்ணைச் சுரண்டுபவன் ஆனான் என்றார் ஒயிட்.

அந்த மனப்போக்கு தடையில்லாமல் வளர்ந்ததற்கு அவர் காட்டிய காரணம் மாநாட்டுக்காரர்கள் எதிர்பார்க்காதது. படைப்பு முழுவதும் மனிதனுக்காகவே, அவன் அதை ஆளலாம் என்ற மேலைக் கிறிஸ்தவ நம்பிக்கைதான் அந்தக் காரணம். நோய் மதத்தில் வேரோடியிருக்கிறது, மருந்தும் அங்கிருந்தே வர வேண்டும் என்றார். பறவைகளோடு பேசியதாகச் சொல்லப்படும் அசிசி நகர் பிரான்சிஸைச் சூழலியலாளர்களின் காவல் புனிதராக வைக்கலாம் என்று முன்மொழிந்தார். 1967 மார்ச்சில் அந்த உரை 'சயின்ஸ்' இதழில் கட்டுரையாக வந்தது. 1979இல் போப் இரண்டாம் ஜான் பால் பிரான்சிஸை உண்மையாகவே அப்படி அறிவித்தார். ஒரு கருவி வரலாற்றாசிரியர் அறிவியல் இதழில் எழுதியதும் வாடிகனில் நடந்ததும் ஒரே நூலில் கோத்தவை போல அமைந்துவிட்டன.

இளநிலைப் பட்டமாகச் சூழல் படிப்பு பிறந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் மிடில்பரி கல்லூரி அந்தப் படிப்பை 1965இல் தொடங்கியது. இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1967இல் சூழல் அறிவியலுக்கென்று தனிப் புலம் திறந்தது. ரேச்சல் கார்சனின் பூச்சிக்கொல்லிப் புத்தகம் 1962இலேயே வந்து ஒரு தலைமுறையை உலுக்கியிருந்தது. டி.டி.டி.யைப் பற்றி வேதியியலாளர் சொல்வதும் பறவையியலாளர் சொல்வதும் ஒரே மேசைக்கு வராவிட்டால் உண்மை முழுதாகத் தெரியாது என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது. ஒயிட் அந்த மேசையில் இன்னொரு நாற்காலியும் போடச் சொன்னார், கடவுள் நம்பிக்கைக்கு.

நாற்காலி போட்ட வேகத்திலேயே அதை ஆட்டிப் பார்க்க ஒருவர் வந்தார். சீனாவில் பிறந்த புவியியலாளர் யி-ஃபூ துவான். கிறிஸ்தவம்தான் காட்டை அழித்தது என்றால் தாவோவும் புத்தமும் பரவிய சீனத்தில் காடு தழைத்திருக்க வேண்டுமே என்று 1968இல் கேட்டார். நடந்தது அப்படி இல்லை. உயிர்களிடம் கருணையைப் போதித்த புத்தம் இறந்தவரை எரிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது. தென்கிழக்குக் கரையோர மாகாணங்களில் விறகு பஞ்சமாகிவிட்டது. மலையையும் பைன் மரத்தையும் பாடிக் குவித்த கவிஞர்கள் எழுதிய மை எது? பைன் மரத்தை எரித்துச் சேர்த்த கரி. கவிதை எழுத எழுத மலை மொட்டையானது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் துவான் சொன்ன திசை அதுதான். ஒரு சமூகம் போற்றுவதற்கும் செய்வதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கலாம். வேதநூலைப் படித்துவிட்டு அந்த மக்களின் காடு எப்படி இருக்கும் என்று ஊகிக்க முடியாது.

இந்தியருக்கு இதை விளக்க சீனா வரை போக வேண்டியதில்லை.

காசியில் துளசி காட். துளசிதாசர் வாழ்ந்த இடம் என்று வழங்கும் அந்தப் படித்துறையில் வெகுகாலம் வாழ்ந்தவர் வீர் பத்ர மிஸ்ரா. சங்கட மோசன் அனுமார் கோயிலின் மகந்த், அதாவது தலைமைப் பொறுப்பாளர். தந்தை இறந்தபோது பதினான்கு வயதில் அந்தப் பொறுப்பு அவருக்கு வந்தது. கூடவே, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீர்ப்பொறியியல் பேராசிரியர். காலையில் கங்கையில் முழுக்குப் போட வேண்டும், அது மகந்தின் கடமை. அதே கங்கையின் நீரைக் குப்பியில் பிடித்துச் சோதிக்க ஒரு ஆய்வகமும் அந்தப் படித்துறையிலேயே அவர் ஏற்பாட்டில் நடந்தது. குளிப்பதற்குரிய நீரில் மலக்கழிவுக் கிருமிகள் நூறு மில்லி லிட்டருக்கு 500க்குள் இருப்பது நல்லது, 2500ஐத் தாண்டவே கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. ஆய்வகம் காட்டிய எண்கள் அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டின. எண்ணைத் தெரிந்துகொண்டே அவர் முழுகினார்.

இதைக் கேட்டதும் ஒரு சாரார், பார்த்தீர்களா, படித்தவருக்கும் மூடநம்பிக்கை என்பார்கள். இன்னொரு சாரார், கங்கைக்குத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் சக்தி உண்டு, வெள்ளைக்காரனே சொல்லியிருக்கிறான் என்பார்கள். வெள்ளைக்காரன் சொன்னதென்னவோ உண்மை. ஆக்ராவில் அரசின் இரசாயனப் பரிசோதகராக இருந்த எர்னஸ்ட் ஹான்கின், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமி சில மணி நேரத்தில் மடிவதாக 1896இல் எழுதினார். கொதிக்க வைத்த நீரில் அந்தத் திறன் போய்விட்டது என்பதையும் குறித்தார். பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்களை 1917இல் ஃபெலிக்ஸ் தெரெல் விவரித்தபின், ஹான்கின் கண்டது அதுவாக இருக்கலாம் என்று பலர் எண்ணினார்கள். ஆனால் காலராக் கிருமியைக் கொன்ற நீர், ஒரு பெருநகரத்தின் சாக்கடையையும் சாயப்பட்டறைக் கழிவையும் செரித்துவிடும் என்று ஹான்கின் சொல்லவில்லை. அறிவியலைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் சாட்சி சொன்னதில் பாதியை விட்டுவிடுவது வழக்கம்.

மிஸ்ரா இந்த இரண்டு சாராரிலும் சேரவில்லை. கெல்லி ஆலி என்ற அமெரிக்க மானிடவியலாளர் காசியின் படித்துறைகளில் ஆய்வு செய்து 2002இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்குள்ள பண்டாக்களுக்கு, அதாவது படித்துறைப் பூசாரிகளுக்கு, அழுக்கு ஒன்று, தீட்டு வேறொன்று என்பதை அதில் விரித்துக் காட்டினார். கங்கையில் அழுக்கு மிதக்கலாம். கங்கைக்குத் தீட்டு கிடையாது. ஆக, கங்கை மாசுபட்டுவிட்டது என்று அரசு விளம்பரம் வைத்தால் படித்துறையில் இருப்பவருக்கு அது தாயை வைததாகக் காதில் விழும். மிஸ்ரா இதைப் புரிந்துவைத்திருந்தார். தாயின் மேல் சாக்கடையைக் கொட்டுகிறார்களே என்று சொன்னால் அதே ஆள் சேர்ந்து கோபப்படுவார் என்பது அவர் அனுபவம். கிருமியின் எண்ணிக்கை மாறவில்லை. கேட்பவர் எழுந்து வருவாரா மாட்டாரா என்பது மட்டும் மாறியது.

பொறியியலும் அங்கே தடுக்கி விழுந்தது. 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டம் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியது. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு இடைவிடாமல் காற்று ஊட்ட வேண்டிய முறை அது. கழிவை அங்கே ஏற்றவும் பம்பு வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகிற ஊரில் பம்பு நின்றால் சாக்கடை நேரே ஆற்றுக்குப் போகும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் படித்துறையோரப் பம்புகள் மூழ்கிவிடும். மிஸ்ராவின் சங்கட மோசன் அறக்கட்டளை, கலிபோர்னியாவின் வில்லியம் ஓஸ்வால்ட் வகுத்த குளமுறையை முன்வைத்தது. சரிவிலேயே ஓடும் குழாய், ஊருக்குக் கீழே தொடர் குளங்கள், பாசியும் வெயிலும் வேலை செய்யும். மின்சாரம் மிகக் குறைவு. அந்த யோசனை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. மிஸ்ரா 2013இல் காலமானார்.

ஆற்றைப் பற்றிய அறிவு அந்த ஒரு மனிதரிடம் ஒருசேர இருந்தது. ஒரே பட்டப்படிப்பு அப்படிப்பட்ட ஆட்களை உருவாக்குமா?

அப்படி ஒரு கல்லூரியைக் கட்டிப் பார்த்த ஊர் பார் ஹார்பர். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் மாநிலத்தின் ஒரு தீவில் உள்ள சிற்றூர். பணக்காரர்கள் கோடையில் வந்து தங்கும் மாளிகைகளால் பிழைத்த இடம். 1947இல் தீ பரவி அந்த மாளிகைகளில் பலவற்றைத் தின்றுவிட்டது. குளிர்காலத்திலும் ஊரில் உயிர் இருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று ஜேம்ஸ் கோவர் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரும் லெஸ் புரூவர் என்ற வணிகரும் யோசித்தார்கள். 1969இல் அட்லாண்டிக் கல்லூரி நிறுவப்பட்டது. 1972இல் முதல் வகுப்பில் 32 மாணவர்கள். இன்றும் அது சில நூறு பேர் படிக்கிற சின்னக் கல்லூரிதான். இளநிலையில் ஒரே பட்டம்: மனிதச் சூழலியல். துறைகள் கிடையாது, துறைத் தலைவர்களும் கிடையாது. (நம் ஊர்ப் பேராசிரியர்களிடம் இதைச் சொன்னால் முதல் சந்தேகம், அப்போது கையெழுத்து யார் போடுவார்கள் என்பதாகத்தான் இருக்கும்.)

அங்கே என்ன நடக்கிறது என்பதற்குத் திமிங்கலம் நல்ல சான்று. கூன்முதுகுத் திமிங்கலம் ஆழத்தில் மூழ்கப் போகும்போது வால் துடுப்பைத் தூக்கிக் காட்டும். துடுப்பின் அடிப்புறத்தில் கறுப்பும் வெள்ளையுமாக உள்ள கோலம் ஒவ்வொரு விலங்குக்கும் தனி. மனிதனுக்கு ரேகை மாதிரி. அந்த வால்களைப் படமெடுத்து வட அட்லாண்டிக்கின் திமிங்கலங்களுக்குப் பட்டியல் போடும் வேலை எழுபதுகளில் இந்தக் கல்லூரியில் தொடங்கியது. மாணவர் செய்வது சுத்தமான விலங்கியல்: ஒப்பிடு, எண்ணு, பதிவு செய். ஆனால் அதற்கு முன்வரை 'இத்தனை ஆயிரம்' என்று இருந்த கூட்டம், அதற்குப் பின் தனித்தனி ஆள்களாகிவிடுகிறது. போன வருடம் வந்தது இந்த வருடம் வலையில் சிக்கிய தழும்போடு வருகிறது. எண்ணத் தொடங்கியவர் ஒரு கட்டத்தில் கவலைப்படத் தொடங்குகிறார். எந்த வகுப்பில் எந்த மணி நேரத்தில் அது நடந்தது என்று பாடத்திட்டத்தில் தேடினால் கிடைக்காது.

தத்துவம் படித்தவர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள், நியாயமாகவே. 18ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹ்யூம் ஒரு சிக்கலைச் சுட்டினார். 'இருக்கிறது' என்று பேசிக்கொண்டே போகிறவர்கள் திடீரென்று 'வேண்டும்' என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். நடுவே எப்படித் தாண்டினார்கள் என்று சொல்வதில்லை. வால்களின் பட்டியலிலிருந்து திமிங்கலத்தைக் கொல்லக் கூடாது என்பது தர்க்கப்படி பிறக்காது. திமிங்கலங்கள் குறைகின்றன என்பது தகவல். குறையக் கூடாது என்பது வேறு எங்கிருந்தோ வர வேண்டும். சூழல் படிப்பின் சங்கடமே இதுதான்: பாதி வகுப்புகள் 'இருக்கிறது' என்று பேசுகின்றன, மாணவர் அந்தப் படிப்பில் சேர்ந்ததோ 'வேண்டும்' என்பதற்காக. இந்தப் படிப்பு உருப்படியாக ஒன்றைக் கற்றுத்தர முடியுமென்றால், அளந்து சொன்னது எந்த வரியோடு முடிந்தது, விரும்பிச் சொல்வது எந்த வரியில் தொடங்கியது என்று தன் வாதத்திலேயே காணும் கண்ணைத்தான்.

இந்தியாவில் இதை உச்ச நீதிமன்றம் குறுக்கு வழியில் தீர்க்கப் பார்த்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் வந்த உத்தரவு சினிமாக் கொட்டகைகளில் சூழல் ஸ்லைடு போடுவதிலிருந்து கல்லூரியில் கட்டாயப் பாடம் வரை போனது. 2003இல் மீண்டும் வலியுறுத்தப்பட்டபின் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலை மாணவருக்கும் ஆறு மாதப் பாடம் ஒன்றை வகுத்தது. பாடநூலை எழுதியவர் புனேயைச் சேர்ந்த ஏராக் பரூச்சா, தொழிலால் அறுவை மருத்துவர். துறை தாண்டுவதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது. அந்தப் பாடத்தில் மொத்தம் ஐம்பது விரிவுரை இருந்தன. அவற்றில் களப்பணிக்கு ஐந்து. 'சுற்றுச்சூழல் அறம்' ஆறாவது அலகில், மறுவாழ்வுக்கும் பருவநிலை மாற்றத்துக்கும் நடுவே ஒரு வரி. அந்த அலகு முழுவதற்கும் ஏழு விரிவுரை என்றால் ஹ்யூமின் இடைவெளியைத் தாண்ட ஒரு மணி நேரம்கூடத் தேறாது. ஈ.வி.எஸ். என்று மாணவர்கள் அழைக்கும் இந்தத் தாளுக்குத் தேர்வுக்கு முந்தின இரவு போதும் என்பது எந்தக் கல்லூரி விடுதியிலும் தெரிந்த விஷயம். கட்டாயமாக்கியதால் எல்லோரும் எழுதினார்கள். கட்டாயமானதாலேயே யாரும் அதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அறத்தை ஒரு வரியாக இல்லாமல் முழு வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர் நார்வேயின் ஆர்னே நேஸ். ஆஸ்லோவில் தத்துவப் பேராசிரியராக இருந்து 1969இல் பதவியை விட்டார். அடுத்த ஆண்டு மார்டோலா அருவிக்குக் குறுக்கே வந்த அணையை எதிர்த்துப் பாறையோடு தன்னைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். காவலர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்; அணை கட்டப்பட்டது. காந்தியை ஆழ்ந்து படித்தவர் அவர். மனிதருக்குப் பயன்படுமா என்ற கணக்கில்லாமல் எல்லா உயிருக்கும் தன்னளவில் மதிப்பு உண்டு என்ற 'ஆழச் சூழலியல்' அவர் 1973இல் முன்வைத்தது.

கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும் இந்தக் கொள்கை இந்திய மண்ணில் எப்படி இறங்கும் என்று 1989இல் ராமச்சந்திர குஹா எழுதிய கட்டுரை இன்றும் சூழல் வகுப்புகளில் சண்டை மூட்டுகிறது. ஆளில்லாக் காடே தூய காடு என்ற அமெரிக்கக் கனவை இங்கே நட்டால் என்ன ஆகும் என்று கேட்டார் குஹா. புலிக்காக ஒதுக்கிய காட்டிலிருந்து வெளியேறியவர்கள் ஏழைக் குடியானவர்களும் பழங்குடிகளும். உள்ளே வந்தவர்கள் ஜீப்பில் வரும் நகரவாசிகள். கீழை மதங்களெல்லாம் இயற்கையைத் தொழுதன என்று மேற்கத்தியர் தமக்கு வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வதையும் அவர் கண்டித்தார். இங்கே தொழுதவர்களும் வெட்டினார்கள், உழுதார்கள், மேய்த்தார்கள்.

தொழுததால் வெட்டாமல் விட்ட இடங்களும் உண்டு. புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் வழியில், விழுப்புரம் மாவட்டத்துப் புதுப்பட்டில் மஞ்சனீஸ்வர அய்யனார் கோயில். சுற்றிலும் காடு. காசான், பாலை, வீரை என்று இலை உதிர்க்காத மரங்கள். கோடியக்கரை வரைக்கும் கிழக்குக் கடலோரத்தில் ஒரு காலத்தில் இருந்த காட்டு வகையின் மிச்சம் இது. மற்ற இடங்களில் பெரும்பாலும் விறகாகவும் வயலாகவும் போய்விட்டது. 1968இல் தொடங்கிய ஆரோவில்லின் செம்மண் பொட்டலில் பழைய காட்டை மீட்க நினைத்தவர்கள் விதைக்கு வந்து நின்றது இப்படிப்பட்ட கோயில் காடுகளில்தான். வனத்துறையின் நாற்றங்காலில் கிடைக்காத மரத்தை அய்யனார் வைத்திருந்தார்.

ஏன் வைத்திருந்தார்? கோயில் காட்டில் கிளை ஒடித்தால் சாமி குத்தம் என்பது ஊர்க்காரர் சொல்வது. அருகிப்போன தாவர இனங்களுக்குக் காப்பிடம் என்பது சூழலியலாளர் சொல்வது. இரண்டும் ஒரே மரத்தைக் காப்பாற்றுகின்றன. இங்கே ஒரு நல்ல தத்துவச் சிக்கல் இருக்கிறது. மாணவர் ஒருவர் ஆய்வுக்குப் போகிறார். அய்யனார் பயம் என்பது சமூகம் தன் வளத்தைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று அழகாக எழுதி முதல் வகுப்பு வாங்குகிறார். அந்த ஆய்வேட்டைப் படித்துவிட்டு ஊரின் அடுத்த தலைமுறை, ஓ, பயம் வெறும் ஏற்பாடுதானா என்று கேட்டால்? குதிரையில் வரும் காவல் தெய்வத்துக்கு அஞ்சி விறகை விட்டுவந்தவர், உயிர்ப்பன்மைக்கு அஞ்சி விட்டுவருவாரா? நம்பிக்கையைப் பயனாக விளக்கும்போது, அந்தப் பயனைத் தந்துகொண்டிருந்த நம்பிக்கையின் அடியிலேயே கைவைக்கிறோம்.

பக்தியை மட்டும் நம்பியிருக்கலாமா என்றால் அதுவும் முடியாது. கோயிலுக்கு வருமானம் பெருகும்போது பல ஊர்களில் முதலில் வெட்டுப்படுவது காடுதான்: கல்யாண மண்டபம், கார் நிறுத்த இடம், பொங்கல் வைக்கத் தகரக் கொட்டகை. சாமி வளர வளரக் காடு சுருங்குகிறது. மறுபக்கம், ஊர்க்காரர் பயத்தால் மட்டுமே காத்தார் என்பதும் ஆய்வாளரின் அவசர முடிவு. எழுபதுகளில் மகாராஷ்டிரத்தின் கோயில் காடுகளை ஆராய்ந்த மாதவ் காட்கிலிடம் கொங்கணக் கிராமம் ஒன்று உதவி கேட்டது. அவர்களுடைய தெய்வத்தின் தோப்பை வெட்ட வனத்துறையே குறி போட்டிருந்தது. தோப்பு போனால் ஓடை வற்றும் என்பதையும் அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். தெய்வமும் நீரியலும் அந்தக் கிராமத்தில் இரண்டு துறைகளாக இருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிட்டால் சண்டை தீரும் என்று நினைத்தவர்களும் உண்டு. 1997இல் ராபர்ட் கோஸ்டான்சாவும் கூட்டாளிகளும் பூமியின் காடு, சதுப்பு, கடல் எல்லாம் மனிதருக்குச் செய்யும் சேவையின் மதிப்பு சராசரியாக ஆண்டுக்கு 33 இலட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டு 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அப்போது உலக நாடுகளின் மொத்த உற்பத்தியே ஏறக்குறைய 18 இலட்சம் கோடி. அதாவது வாங்குபவரிடம் இருக்கும் மொத்தப் பணத்தைவிடப் பொருளின் விலை அதிகம். இது இல்லாமல் உயிரே இல்லை என்ற ஒன்றுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் குறைவுதான் என்று பொருளாதாரக்காரர்களே கிண்டல் செய்தார்கள். நிதியமைச்சகத்தில் பேச அந்த எண் உதவும். அய்யனாரிடம் உதவாது.

சட்டமும் முயன்று பார்த்தது. 2017 மார்ச் 20 அன்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையும் யமுனையும் சட்டப்படி ஆட்கள் என்றது. கோயில் மூர்த்தி சொத்து வைத்துக்கொள்ளவும் வழக்காடவும் முடியும் என்பது இந்தியச் சட்டத்தில் பழைய சங்கதி, ஆகவே தாவல் அவ்வளவு பெரிதில்லை. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது: வெள்ளத்தில் ஆள் செத்தால் ஆற்றின் மேல் வழக்குப் போடலாமா, நட்ட ஈட்டை யார் கொடுப்பது? ஜூலையில் தடை வந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மேகமலையில் காட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்த விவகாரத்தில் இயற்கை அன்னையையே உயிருள்ள ஆள் என்றது. தாய் என்று சொல்வது நீதிபதிக்கும் மகந்துக்கும் எளிது. தாய்க்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால்தான் எல்லோரும் மற்றவரைப் பார்க்கிறார்கள்.

அந்தக் கேள்வியை நேரடியாகவே கேட்டார்கள். அணை கட்டிய ஆற்றில் கட்டாயம் விட்டுவைக்க வேண்டிய ஓட்டம் எவ்வளவு? உலக இயற்கை நிதியத்தின் இந்தியக் கிளை கங்கோத்ரி முதல் கான்பூர் வரையிலான கங்கைக்கு இதைக் கணக்கிட முனைந்தபோது, நீரியல், ஆற்றுப்படுகை, உயிரினம், வாழ்வாதாரம் ஆகியவற்றுக்குக் குழுக்கள் அமைத்தது. கூடவே ஆன்மிகம், பண்பாட்டுக்கும் ஒரு குழு. மகசீர் மீனுக்கு எத்தனை அடி ஆழம் வேண்டும் என்பதும், முழுக்குப் போட வருகிறவருக்கு எத்தனை அடி வேண்டும் என்பதும் ஒரே அட்டவணைக்கு வந்தன. மதம் அங்கே கருத்தாக இல்லாமல் அடிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

2018 அக்டோபரில் மத்திய அரசு மேல் கங்கைக்கான அறிவிக்கையை வெளியிட்டது: நவம்பர் முதல் மார்ச் வரை வரும் நீரில் 20 விழுக்காடு, அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, ஜூன் முதல் செப்டம்பர் வரை 30. அதே வாரம் 11ஆம் தேதி ரிஷிகேஷில் ஜி.டி. அகர்வால் இறந்தார், வயது 86. அமெரிக்காவின் பெர்க்லியில் முனைவர் பட்டம், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர்-செயலர். 2011இல் துறவு வாங்கிச் சுவாமி ஞான ஸ்வரூப் சானந்த் ஆனவர். கங்கை தடையில்லாமல் ஓட வேண்டும் என்று ஜூன் 22 முதல் இருந்த உண்ணாவிரதம் 111 நாள் நீண்டிருந்தது. முன்பு அவருடைய உண்ணாவிரதங்களுக்குப் பிறகு பாகீரதியில் பாதி கட்டிய லோஹாரிநாக் பாலா நீர்மின் திட்டத்தை அரசு 2010இல் கைவிட்டது. இந்த முறை கிடைத்தவை அந்த மூன்று எண்கள்.

விழுக்காட்டுக் கணக்கு அவருக்குத் தெரியாததல்ல. வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அந்த வகைக் கணக்குதான். கடைசியில் அவர் கேட்டது எந்த விழுக்காட்டையும் அல்ல, முழு ஓட்டத்தை. பொறியாளராக இருந்தால் 30 போதுமா 50 வேண்டுமா என்று பேசியிருக்கலாம். துறவிக்குத் தாயைப் பங்கு போடுவதே சம்மதமில்லை. மேல்மலைக் கிராமத்தில் மின்சாரத்துக்குக் காத்திருந்தவருக்கு இந்த இரண்டு பேச்சும் தூரத்தில் கேட்டிருக்கும். மூன்றாமாண்டு சூழல் மாணவருக்கு அந்த அறிவிக்கையையும் அகர்வால் பிரதமருக்கு எழுதிய கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்து, இருபது என்ற எண்ணில் அளந்தது எவ்வளவு, பேரம் எவ்வளவு, வேண்டுதல் எவ்வளவு என்று பிரித்தெழுதச் சொல்லலாம். விடைத்தாளைத் திருத்த எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தேர்வு அலுவலகம் கேட்கும். மூன்று துறைக்காவது அனுப்ப வேண்டியிருக்கும், மூவரும் ஒரே மதிப்பெண் போடமாட்டார்கள்.